தென்னகத்துச் சாப்பாட்டுப் பயணம்: எந்த ஊரில், எந்த வேளையில், எவ்வளவுக்கு

சாப்பிடுவதற்கென்றே தென்னிந்தியா வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு பட்டியலோடு வருகிறார்கள். பட்டியலில் தப்பில்லை. ஆனால் மதியம் 2 மணிக்கு மதுரையில் கறிதோசை கேட்டால் யாரும் கல்லைக் காயவைக்க மாட்டார்கள். இரவு 8 மணிக்குப் பொங்கல் கேட்டால் காலையில் வரச் சொல்வார்கள். இங்கே ஒவ்வொரு பண்டத்துக்கும் ஓர் ஊர் உண்டு, ஒரு வேளை உண்டு. சிலவற்றுக்கு மாதமும் உண்டு. பெரிய கடை எது என்று தேடுவதைவிட இந்த மூன்றையும் பொருத்திக்கொண்டு வந்தால் பாதி வேலை முடிந்தது. வெளிநாட்டிலிருந்தோ வடக்கிலிருந்தோ முதல் முறை வருகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். பக்கத்து மாவட்டத்துக்காரர்களுக்கும் உதவும்.

1. மாதத்தைப் பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள்

மீன் சாப்பிட வருகிறீர்கள் என்றால் முதலில் மீன்பிடித் தடைக்காலத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகா. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை இழுவைப் படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் வரத்து குறைவு, விலை அதிகம். அந்த நாட்களில் கடையில் இருக்கும் வஞ்சிரம் ஐஸில் பல நாள் கிடந்ததாக இருக்கலாம். மத்தி, நெத்திலி, சங்கரா எது அன்றைக்கு வந்தது என்று கேட்டு அதை வாங்குங்கள்.

புரட்டாசியில் (செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை) பல வீடுகளில் அசைவம் கிடையாது. அசைவ மெஸ்களில் அன்றன்று வைக்கும் வகைகளும் குறைந்துவிடும். திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் தமிழ்நாட்டில் இறைச்சிக் கடைகளை மூடச் சொல்லி உத்தரவு வரும். செட்டிநாட்டுக்கோ மதுரைக்கோ கறி சாப்பிடப் போகும் நாள் இவற்றில் ஒன்றாக இருந்துவிடக் கூடாது. தீபாவளி, பொங்கலையொட்டி வேலையாட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். சின்ன மெஸ்கள் இரண்டு மூன்று நாள் மூடியே கிடக்கும். முதல் முறை வருகிறவர்கள் இந்த இரண்டு வாரங்களையும் தவிர்ப்பதே நல்லது.

இனி, குறிப்பிட்ட மாதத்தில் மட்டும் கிடைப்பவை. பதநீரும் நுங்கும் கோடையில்தான். தூத்துக்குடி, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கம் பனை ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள். பதநீரைக் காலை 9 மணிக்குள் குடித்துவிடுங்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கியிருந்தாலும் வெயில் ஏற ஏறப் புளிக்கும். டிசம்பர் இசை விழாவின்போது சென்னை சபாக்களின் கேன்டீன்களில் இலைச் சாப்பாடும் மாலை டிபனும் நன்றாக இருக்கும்; கச்சேரிக்குச் சீட்டு எடுக்காதவர்களும் பெரும்பாலான இடங்களில் போய்ச் சாப்பிடலாம். ஓணம் விருந்தான சத்யா ஆகஸ்ட் பிற்பகுதியிலோ செப்டம்பரிலோ வரும். ஹைதராபாத் ஹலீம் (கறியும் கோதுமையும் குழையக் காய்ச்சியது) ரம்ஜான் மாதத்தில். ரம்ஜான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே நகர்வதால் போன ஆண்டுத் தேதியை நம்பி முன்பதிவு செய்யாதீர்கள். கோதாவரிக் கரையில் பேர்போன புலச மீன் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது கிடைக்கும். கிலோ ஆயிரக்கணக்கில் விற்பதால் விலை கேட்காமல் தட்டைத் தொடாதீர்கள்.

2. ஒரு பயணத்துக்கு ஒரு திசை

பத்து நாளில் ஐந்து மாநிலம் என்று திட்டம் போடுகிறவர்கள் பாதி நாளை நெடுஞ்சாலை உணவகங்களில் கழிக்கிறார்கள். அங்கே கிடைப்பது எந்த ஊர்ச் சாப்பாடும் இல்லை. ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் இந்த வழியைப் பரிந்துரைக்கிறோம்: சென்னை, காஞ்சிபுரம் (சுமார் 75 கி.மீ.), அங்கிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் (40), காரைக்குடி (சுமார் 105), மதுரை (சுமார் 90), திருநெல்வேலி (சுமார் 160), நாகர்கோவில் (சுமார் 80), திருவனந்தபுரம் (சுமார் 70). கும்பகோணத்தைத் தாண்டிவிட்டால் எந்தத் தாவலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் போகாது. காலை டிபனை ஓர் ஊரில் முடித்து மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த ஊரில் உட்காரலாம்.

மதுரையில் மட்டும் இரண்டு இரவு தங்குங்கள். அந்த ஊரின் நல்ல பண்டங்களில் பாதி விளக்கு வைத்த பிறகுதான் கடைக்கு வரும்.

3. கையில் இருக்க வேண்டியவை

ரயில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்புதான் திறக்கும். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கான ஒதுக்கீட்டில் 365 நாள். தத்கால் சீட்டை இணையத்தில் எடுக்க ஆதாரால் சரிபார்த்த கணக்கு வேண்டும் என்பது 2025 ஜூலையிலிருந்து நடைமுறை. ஆதார் இல்லாத வெளிநாட்டுத் தமிழர்கள் கடைசி நேரத் தத்காலை நம்பி இருக்க வேண்டாம். ரயிலில் மூல அடையாள அட்டை அவசியம்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விடுதியில் பாஸ்போர்ட்டையும் விசாவையும் காட்ட வேண்டும். விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் நீங்கள் தங்குவதை இணையப் படிவத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். சின்ன லாட்ஜ்களில் அந்த வசதி இல்லாததால் நடு இரவில் இடமில்லை என்று சொல்லிவிடுவார்கள். காரைக்குடி போன்ற ஊர்களுக்கு முன்பே போன் செய்து, வெளிநாட்டவருக்கு அறை தருவீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊட்டி வர்க்கி சாப்பிட நீலகிரிக்கோ, கொடைக்கானலுக்கோ காரில் ஏறுகிறவர்கள் இ-பாஸ் (வாகன நுழைவுச் சீட்டு) எடுத்திருக்க வேண்டும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

பணம். தள்ளுவண்டி வரைக்கும் யூபிஐ (செல்போன் வழியாகப் பணம் கட்டும் முறை) வந்துவிட்டது. ஆனால் வெளிநாட்டு வங்கி அட்டை சின்னக் கடையில் வேலை செய்யாது. வெளிநாட்டவருக்கென்று யூபிஐ ஒன் வேர்ல்டு என்ற பணப்பை உண்டு. பாஸ்போர்ட், விசா காட்டி எடுத்துக்கொள்ளலாம். எப்படியிருந்தாலும் 10, 20, 50 ரூபாய்த் தாள்களாக 500 ரூபாய்க்காவது வைத்திருங்கள். காலை 6 மணிக்கு இட்லிக் கடையில் 500 ரூபாய்த் தாளுக்குச் சில்லறை இருக்காது.

செலவுக் கணக்கு கடைக்குக் கடை மாறும். 2025 நிலவரத்தில் தமிழ்நாட்டின் நடுத்தரச் சைவ உணவகத்தில் தோராயமாக இப்படி: காலை டிபன் காபியோடு 80 முதல் 130 ரூபாய், மதியம் முழுச் சாப்பாடு 110 முதல் 180, மாலை வடையும் காபியும் 40 முதல் 60, இரவு 80 முதல் 150. ஒருவருக்கு நாளொன்றுக்கு 310 முதல் 520 ரூபாய். அசைவ மெஸ்ஸில் மதியம் கறி வகைகளோடு உட்கார்ந்தால் அந்த ஒரு வேளையே 400 முதல் 700 ரூபாய் ஆகிவிடும். பில்லில் 5 சதவீத ஜிஎஸ்டி இருப்பது முறை. சேவைக் கட்டணம் என்று தனியாகப் போட்டிருந்தால் அது கட்டாயமில்லை, நீக்கச் சொல்லலாம். ஏ.சி. ஹாலில் அதே தோசைக்கு விலை கூடுதல். எந்த ஹாலில் உட்காருகிறீர்கள் என்பதைப் பார்த்து உட்காருங்கள்.

மிகக் குறைந்த செலவில் பசியாற வேண்டியவர்களுக்கு அம்மா உணவகம் இருக்கிறது: இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. தயங்காமல் போகலாம். காலை 10 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் அந்தந்த வேளை முடிந்துவிடும்.

4. ஒரு நாளை நான்கு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

காலை 6 முதல் 10.30 வரை டிபன். 7 மணிக்கும் 8.30 மணிக்கும் இடையில் போவது உத்தமம். பொங்கல் அப்போதுதான் குழைவாக, கரண்டியிலிருந்து மெல்ல வழியும் பதத்தில் இருக்கும், 9.30-க்கு இறுகிக் கட்டியாகிவிடும், மேலே நெய் ஊற்றி மறைப்பார்கள். தேங்காய்ச் சட்னி வெயில் காலத்தில் மூன்று நான்கு மணி நேரத்தில் புளித்துவிடும். 10 மணிக்குப் பிறகு போனால் முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுத் தொடுங்கள், இல்லாவிட்டால் பொடி எண்ணெய் கேட்டு வாங்குங்கள்.

மதியச் சாப்பாடு 12 முதல் 3.30 வரை என்று பலகை சொல்லும். உங்கள் கணக்கில் 12.30 முதல் 1.30 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.30-க்குப் பிறகு கூட்டு தீர்ந்து அதற்குப் பதிலாக அவசரப் பொரியல் ஒன்று வரும், அப்பளம் நமுத்திருக்கும், சாம்பாரில் வெந்நீர் சேர்ந்திருக்கும். சமைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. 11 மணிக்கு இறக்கிய சமையல் அவ்வளவு நேரம்தான் தாங்கும்.

மாலை 3.30 முதல் 6 வரை காபி, வடை, பஜ்ஜி, பணியாரம். காபிக்கு நல்ல வேளை இரண்டு: விடிந்ததும் இறங்கும் முதல் டிகாக்‌ஷன், பிறகு மாலை 3.30. இடைப்பட்ட நேரத்தில் இரண்டாம் டிகாக்‌ஷன்தான் கிடைக்கும். நெடுஞ்சாலை நெடுக ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்று பித்தளை டபராவை அடுக்கிய கடைகள் உண்டு. டபராவை வைத்து முடிவு செய்யாமல், அங்கே பால் தனியாகக் காய்கிறதா, டிகாக்‌ஷன் கண்ணெதிரே ஊற்றுகிறார்களா என்று பாருங்கள். “சர்க்கரை கம்மியா, ஸ்ட்ராங்கா” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இனிப்பு தூக்கலாக வரும்.

இரவு 6.30-க்குப் பிறகு பரோட்டா, தோசை வகைகள், கறிதோசை, ஆம்லெட். பரோட்டாக் கல் சூடேறிய முதல் அரை மணி நேரத்தைவிட 7.30 மணி வாக்கில் போவது மேல். சால்னா அதற்குள் கொதித்துச் சேர்ந்திருக்கும்.

5. இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும்

முழுச் சாப்பாடா, அளவுச் சாப்பாடா என்று முதலில் கேளுங்கள். அளவுச் சாப்பாட்டில் சாதம் ஒரு கிண்ணம்தான், மறுபடி கேட்டால் தனி விலை. முழுச் சாப்பாட்டில் சாதம், குழம்பு, ரசம், பொரியல் எல்லாம் போதும் என்கிற வரை வரும். பாயசமும் அப்பளமும் ஒரு முறை. சில இடங்களில் முன்பணம் கட்டி டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும். கல்லாவுக்கு மேலே எழுதியிருப்பார்கள்.

இலையின் நுனி உங்கள் இடது பக்கம் இருக்க வேண்டும். தண்ணீர் தெளித்துத் துடையுங்கள். பரிமாறுவது ஒரு வரிசைப்படி வரும்: பருப்பும் நெய்யும், சாம்பார், வத்தக்குழம்போ காரக்குழம்போ, ரசம், கடைசியில் மோர் அல்லது தயிர். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, முதல் தடவை போட்ட சாதம் முழுவதையும் சாம்பாரில் பிசைந்துவிடுவது. சாதத்தை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். ரசத்துக்கு இலையில் ஒரு குழி செய்து ஊற்றிக்கொள்ளலாம், இல்லையென்றால் டம்ளரில் வாங்கிக் குடிக்கலாம். வேண்டாம் என்றால் இலைமேல் கையைக் குறுக்கே நீட்டினால் போதும். சாப்பிட்டு முடித்ததும் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள்; துக்க வீட்டில்தான் எதிர்ப்பக்கம் மடிப்பார்கள். பரிமாறுகிறவரை “அண்ணே” என்றோ “தம்பி” என்றோ கூப்பிட்டுக் கேளுங்கள், கவனிப்பு தானாக வரும்.

அசைவ மெஸ்ஸில் இன்னொரு சங்கதி இருக்கிறது, கவனம். உட்கார்ந்த சில நிமிடங்களில் ஒருவர் பெரிய தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்களாகச் சுக்கா, கோலா உருண்டை, ஈரல், குடல், மீன் வறுவல் எல்லாம் அடுக்கிக்கொண்டு வந்து நீட்டுவார். அது சாப்பாட்டோடு சேர்ந்ததில்லை. நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனி விலை. ஒரு சுக்கா 150 முதல் 250 ரூபாய் வரை போகும். வரும்போதே “இது எவ்வளவு?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர்கள் அதைத் தப்பாக நினைப்பதில்லை. இரண்டு பேருக்கு இரண்டு கிண்ணம் தாராளம். சாதத்துக்கு ஊற்றும் மட்டன் குழம்பு, கோழிக் குழம்பு, மீன் குழம்பு பெரும்பாலும் சாப்பாட்டு விலையிலேயே அடங்கும். அந்தக் குழம்புகளுக்காகவே இந்த மெஸ்களுக்குப் போக வேண்டும் என்பது எங்கள் கருத்து. சுவரொட்டி என்று சொன்னால் மண்ணீரல், நல்லி என்றால் எலும்பு மஜ்ஜை. தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பரோட்டாக் கடைச் சால்னா பல இடங்களில் கறி எலும்பு போட்டுக் கொதிக்க வைத்தது, “வெஜ் குருமா இருக்கா?” என்று கேளுங்கள். குஸ்கா என்பது கறித்துண்டு இல்லாத பிரியாணிச் சோறு. அதே அண்டாவில் கறியோடு வெந்ததுதான்.

6. ஊர் ஊராக: தமிழ்நாடு

காஞ்சிபுரத்தில் கோயில் இட்லி. பச்சரிசி, உளுந்து மாவில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் மணிக்கணக்கில் வேகவைப்பது. வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதக் கடையில் காலையில் கேளுங்கள். வெட்டிய துண்டு லேசாகப் புளிக்கும், கொஞ்சம் கனமாக இருக்கும், அதுதான் பதம். பஞ்சு இட்லியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஓட்டல்களில் அதே பெயரில் கிண்ணத்தில் வேகவைத்த சாதா மிளகு இட்லியைத் தருவார்கள்.

கும்பகோணம், தஞ்சைப் பக்கம் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கடப்பா கேளுங்கள். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய், கசகசா, சோம்பு சேர்ந்த வெள்ளைக் குழம்பு. எல்லாக் கடையிலும் எல்லா நாளும் வைப்பதில்லை, ஞாயிறு காலையில் வாய்ப்பு அதிகம். சிதம்பரம் வழியாகப் போனால் கத்தரிக்காய்க் கொத்சு. திருவையாற்றில் அசோகா அல்வா. பாசிப்பருப்பில் செய்வது, சூடாக வாழையிலைத் துண்டில் வாங்கி அங்கேயே சாப்பிட்டால்தான் ருசி. ஆறினால் நெய் உறைந்து கனத்துவிடும்.

காரைக்குடிக்கு வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது ‘செட்டிநாடு’ என்ற பெயரில். தமிழ்நாடு முழுக்க அந்தப் பெயரில் செக்கச்செவேலென்று காரமாக ஒரு குழம்பு விற்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சமையலில் மிளகாயைவிட மிளகு, சோம்பு, கல்பாசி, பட்டை, மராட்டி மொக்கின் வாசம்தான் முன்னே நிற்கும். சின்ன வெங்காயமும் நல்லெண்ணெயும் தாராளம். அந்தச் சாப்பாடு வேண்டுமானால் விடுதியாக மாற்றிய பழைய நகரத்தார் வீடுகளில் மதிய விருந்துக்குச் சொல்லிவையுங்கள். ஒருவருக்கு ஏறக்குறைய 700 முதல் 1,500 ரூபாய் வரை ஆகும். குறைந்தது முதல் நாளே சொல்ல வேண்டும், நேரில் போய் நின்றால் கிடைக்காது. அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் மாலையில் பலகாரக் கடைகளுக்குப் போங்கள். வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும், கந்தரப்பம், பால் பணியாரம், கவுனி அரிசி. வெள்ளைப் பணியாரத்தைச் சட்டியிலிருந்து எடுத்த ஐந்து நிமிடத்தில் சாப்பிட வேண்டும். பார்சல் கட்டினால் எண்ணெய் உள்ளே இறங்கித் தொய்ந்துவிடும்.

மதுரையில் வரிசை முக்கியம். மாலை 5 மணிக்குப் பருத்திப் பால்: பருத்திக்கொட்டைப் பாலோடு கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, தேங்காய். தள்ளுவண்டியில் சூடாகக் கிடைக்கும், அரை டம்ளர் போதும், வயிற்றை அடைக்கும். 7.30-க்கு மேல் கறிதோசை. கனமான தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் கொத்திய மட்டன், திருப்பிப் போட்டு நிதானமாக வேகவிடுவார்கள். 10 முதல் 15 நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் வந்தால் முன்பே சுட்டு வைத்ததைச் சூடாக்கியிருக்கிறார்கள். ஒன்றை இருவர் பகிர்ந்து, கூடவே ஒரு பன் பரோட்டா வாங்கினால் சரியாக இருக்கும். கடைசியில் ஜிகர்தண்டா: சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின் அல்லது கடற்பாசி, நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம். ‘ஸ்பெஷல்’ என்பதில் பாஸந்தி சேரும், திகட்டும். சாதாவே போதும்.

மதுரையிலிருந்து தெற்கே இறங்கும்போது விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா. கல்லில் சுடாமல் எண்ணெயில் பொரித்தெடுப்பது, மொறுமொறுவென்று இருக்கும். பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றி, ஊறுவதற்குள் சாப்பிடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒதுங்க நேரமிருந்தால் பால்கோவாவைக் காலையிலேயே வாங்குங்கள். பாலும் சர்க்கரையும் மட்டும்தான், நாக்கில் மணல்மணலாகத் தட்டுப்பட வேண்டும். வழவழவென்றும் வெள்ளை வெளேரென்றும் இருப்பதை விட்டுவிடுங்கள். சாத்தூரில் காராச்சேவு, கோவில்பட்டியில் கடலை மிட்டாய். இரண்டும் சாலையோரமே கிடைக்கும்.

திருநெல்வேலியில் அல்வா. சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிண்டுவது. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் பேர்பெற்ற இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும்; சரக்குத் தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். 4.30-க்கே வரிசையில் நில்லுங்கள். பெயரைச் சற்றே மாற்றி வைத்த கடைகள் சுற்றிலும் உண்டு. நூறு கிராம் சூடாக இலையில் வாங்கி அங்கேயே சாப்பிடுங்கள். தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும், பல்லில் ஒட்டக் கூடாது. நெல்லைக்கே உரிய சொதி, தேங்காய்ப் பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் சேர்த்து இஞ்சிப் பச்சடியோடு பரிமாறுவது, கல்யாண மறுவீட்டுச் சாப்பாடு. ஓட்டல்களில் எளிதில் கிடைக்காது. சில சைவ உணவகங்கள் வாரத்தில் ஒரு நாள் வைக்கின்றன, விடுதியில் விசாரித்தால் சொல்வார்கள்.

கொங்குப் பக்கம் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: அரிசி பருப்பு சாதம், சந்தகை (இடியாப்பம் போன்றது), பள்ளிபாளையம் சிக்கன் (விதை நீக்கிய வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, பொடி மசாலா கிடையாது), இரவுக் கடையில் கலக்கி (அரைவேக்காட்டு முட்டை). சேலத்தில் மாலை 5 மணிக்குமேல் தட்டுவடை செட்.

7. பிரியாணிக்குத் தனிக் கணக்கு

அண்டா எப்போது திறக்கும் என்று கேட்டுக்கொண்டு அதற்கு அரை மணிக்குள் போய்விடுங்கள். பெரும்பாலும் 12 மணி வாக்கில். மேலே உள்ள சோறு உதிரியாகவும் அடியில் உள்ளது மசாலா இறங்கிக் குழைந்தும் இருக்கும். மாலையில் மிச்சத்தைத் திரும்பச் சூடாக்கும்போது கறி நார்நாராகிவிடும்.

திண்டுக்கல்லில் சீரகச் சம்பா அரிசி, சின்னச் சின்னக் கறித்துண்டு, எலுமிச்சையும் தயிரும் தரும் புளிப்பு. ஆம்பூரில் வரமிளகாய் விழுது, கூடவே கத்தரிக்காய்த் தொக்கு. சென்னை–பெங்களூரு சாலையிலேயே இருப்பதால் பெங்களூரு போகிறவர்கள் மதியத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம். தலச்சேரியில் கைமா அரிசி, காரம் குறைவு. ஹைதராபாதில் நீண்ட பாஸ்மதி, ஊறவைத்த பச்சைக் கறியோடு தம் போடுவது, தொட்டுக்கொள்ள மிர்ச்சி கா சாலன் (பச்சை மிளகாய்க் குழம்பு). முதல் முறை சாப்பிடுகிறவர்களுக்குத் திண்டுக்கல்லைத்தான் முதலில் சொல்வோம். ஒரு பிளேட் இருவருக்குப் போதுமா என்று ஹைதராபாதில் மட்டும் கேட்டு வாங்குங்கள். அங்கே அளவு பெரியது.

8. எல்லை தாண்டினால்

கேரளத்தில் மதியம் ‘ஊண்’ என்று பலகை இருக்கும். சிவப்பு மட்டை அரிசி, மீன் குழம்பு விலையிலேயே சேர்ந்து வரும். பொரித்த மீனுக்குத் தனி. மட்டை அரிசி பழக்கமில்லாதவர்கள் வெள்ளைச் சோறு கேட்டு வாங்கலாம். டம்ளரில் இளஞ்சிவப்பாக வெந்நீர் வந்தால் பயப்பட வேண்டாம், பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்தது. பரோட்டாவோடு மாட்டுக்கறி வறுவல் சாதாரணம்; சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆலப்புழையில் கரிமீன் பொள்ளிச்சதுக்கு (மசாலா தடவி வாழையிலையில் சுட்ட மீன்) மீனின் அளவைப் பொறுத்து விலை, மீனைக் காட்டச் சொல்லி விலையை முடிவு செய்த பிறகு அடுப்பில் ஏற்றச் சொல்லுங்கள். கள்ளுக்கடைகளில் கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் நன்றாக இருக்கும். மது வாங்க வயது 23. பாலக்காட்டை ஒட்டிய ராமசேரியில் மண்பானையில் துணி கட்டி வேகவைக்கும் தட்டை இட்லியைக் காலையில் போய்ச் சாப்பிடுங்கள், மிளகாய்ப் பொடியோடு.

கர்நாடகத்தில் சாம்பாரில் வெல்லம் இருக்கும். முதல் வாயிலேயே தட்டைத் தள்ளிவிடாதீர்கள். அந்த ஊர்த் தோசைக்கு அதுதான் பொருத்தம். பெங்களூருவில் தர்ஷினி எனப்படும் சிறு உணவகங்களில் முதலில் பணம், பிறகு டோக்கன், நின்றபடி சாப்பாடு. காராபாத்தும் (கார ரவை உப்புமா) கேசரிபாத்தும் சேர்த்து வேண்டுமென்றால் ‘சௌ சௌ பாத்’. மண்டியா, மைசூருப் பக்கம் ராகி முத்தே: சின்ன உருண்டையாகக் கிள்ளி, சாற்றில் தோய்த்து விழுங்க வேண்டும், மென்றால் பல்லில் ஒட்டும். மங்களூரில் கோரி ரொட்டி (மொறுமொறு அரிசி ரொட்டியும் கோழிக் குழம்பும்), நீர் தோசை. குடகில் பன்றிக்கறியும் கடம்புட்டும் (அரிசி ரவை உருண்டை). அந்தக் கறியின் கருமையும் புளிப்பும் கச்சம்புளி என்ற கரும்புளிச் சாற்றால் வருவது.

ஆந்திரத்துச் சாப்பாட்டில் முதலில் கந்திப் பொடியும் நெய்யும், பிறகு பப்பு (பருப்பு), கோங்குரா (புளிச்சக்கீரை), புலுசு (புளிக்குழம்பு). காரம் மெய்யாகவே கடுமை. ஊறுகாயை மொச்சை அளவு எடுத்து முதலில் ருசி பாருங்கள், தயிரை ஆரம்பத்திலேயே வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடித்தால் காரம் பரவும். காலையில் உப்புமா வைத்த பெசரட்டு (பாசிப்பயறு தோசை) வேண்டுமானால் ‘எம்.எல்.ஏ. பெசரட்டு’ என்று கேளுங்கள். நெல்லூர் மீன் புலுசு முதல் நாள் வைத்ததாக இருந்தால் இன்னும் நல்லது, புளியும் மாங்காயும் மீனில் இறங்கியிருக்கும்.

9. வயிற்றைக் காப்பாற்றிக்கொள்ள

முதல் இரண்டு நாள் தள்ளுவண்டிச் சட்னி, வெட்டிவைத்த பழம், ஐஸ் போட்ட பானம் வேண்டாம். ஆவியில் வெந்ததும் எண்ணெயில் அப்போதே பொரித்ததும் பாதுகாப்பானவை. உணவகத்தில் “வெந்நீர் கொடுங்க” என்றால் கொடுப்பார்கள். ஓஆர்எஸ் (உப்பு, சர்க்கரைக் கரைசல் பொடி) பொட்டலம் நான்கைந்து பையில் இருக்கட்டும்.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனிக்க வேண்டியது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பாரிலும் ரசத்திலும் அது உண்டு. வெறும் இட்லி, தயிர் சாதம், தேங்காய்ப் பால் ஆப்பம் என்று போனாலும் தாளிப்பில் பெருங்காயம் போட்டார்களா என்று ஒவ்வொரு கடையிலும் கேட்க வேண்டும். முந்திரி ஒவ்வாமை உள்ளவர்கள் குருமாவையும் பொங்கலையும் தவிர்க்க வேண்டும். பொங்கலில் முந்திரியை எடுத்துப் போட்டுவிட்டுத் தந்தாலும் நெய்யில் அதன் எண்ணெய் இருக்கும்.

10. வாங்கிக்கொண்டு போவது

பால்கோவாவை வெளியே மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள். நெல்லை அல்வா ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். தூத்துக்குடி மக்ரூன் முட்டை வெள்ளையும் முந்திரியும் சர்க்கரையும். காற்றுப் பட்டால் ஒரே நாளில் பிசுபிசுக்கும், டப்பா இறுக மூடுவதாக இருக்க வேண்டும். கடலை மிட்டாய், மணப்பாறை முறுக்கு, காராச்சேவு மூன்றும் நீண்ட பயணத்துக்கு ஏற்றவை. பொட்டலத்தில் தயாரித்த தேதியும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பழநிப் பஞ்சாமிர்தத்தைத் தேவஸ்தான நிலையங்களில் மட்டும் வாங்குங்கள்.

விமானத்தில் ஊறுகாயையும் நெய்யையும் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பெட்டியில் போடுங்கள், இரண்டு பை மாற்றிக் கட்டுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் பால் இனிப்பு உட்பட எல்லா உணவுப் பொருளையும் வருகைப் படிவத்தில் அறிவிக்க வேண்டும், மறைத்தால் அபராதம். அல்வாவைக் கிளம்புகிற நாள் மாலையில் வாங்கி, சூடு ஆறும்வரை டப்பாவின் மூடியைத் திறந்தே வையுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி உள்ளே தண்ணீராகி இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். இரவு ரயிலில் போகிறவர்கள் டப்பாவைப் பையில் நிமிர்த்தி வைத்து, அடியில் ஒரு செய்தித்தாளைப் போட்டுவிடுங்கள். நெய் எப்படியும் கசியும்.